ஊசி நூல் இல்லாமல் பழைய டி-ஷர்ட்டில் ஒரு பை

கழுத்து தொளதொளத்துப் போன டி-ஷர்ட்டைக் கரித்துணியாக்க மனம் வராதவர்களுக்கு இது. டி-ஷர்ட் துணி நெய்தது இல்லை, பின்னியது. அதனால் வெட்டிய ஓரம் வேட்டி, சேலை மாதிரி நூல் நூலாகப் பிரியாது. லேசாகச் சுருண்டுகொள்ளும், அவ்வளவுதான்.

முடிச்சு வெளியே தெரியக்கூடாது என்றால் முதலிலேயே உள்புறத்தை வெளியே திருப்பிவிடுங்கள். இரண்டு கையையும் தையலோடு சேர்த்து வெட்டி எடுங்கள். கழுத்தில் ஒரு தட்டைப் பாதி அளவுக்குக் கவிழ்த்து, கோடு போட்டு வெட்டுங்கள். தோள்பட்டை கைப்பிடியாகிவிடும், அது நாலு விரல் அகலமாவது இருக்கட்டும்.

அப்புறம் கீழ் ஓரத்தில் மடித்துத் தைத்திருப்பதை நீக்கிவிட்டு, முன்னும் பின்னும் சேர்த்துப் பிடித்து 2 செ.மீ. அகலம், 8 செ.மீ. நீளத்துக்கு நாடா நாடாவாக வெட்டுங்கள். பக்கவாட்டு மடிப்பையும் அதே உயரத்துக்குப் பிளந்துவிட வேண்டும். முன் நாடாவையும் அதற்கு நேரான பின் நாடாவையும் இரட்டை முடிச்சுப் போடுங்கள்.

இதோடு நிறுத்திவிட்டால் முடிச்சுகளுக்கு நடுவே எலுமிச்சம்பழம் நழுவிவிடும். ஒவ்வொரு முடிச்சிலும் மிஞ்சிய ஒரு நுனியைப் பக்கத்து முடிச்சின் நுனியோடு இறுக்கிக் கட்டுங்கள். இடைவெளி அடைபட்டுவிடும். இந்த ஒரு வேலைக்குச் சோம்பல் படாதீர்கள். முதலில் உள்புறத்தை வெளியே திருப்பியிருந்தால், இப்போது பையை மறுபடி திருப்பிவிடுங்கள்; முடிச்சுகள் உள்ளே போய்விடும்.

துணி பாரத்துக்கு நீளும். நாலு தேங்காய் போட்டால் பை முழங்காலைத் தொடும். ஆகவே தேங்காய், உருளைக்கிழங்குக்கு வேண்டாம். கீரை, கொத்தமல்லி, குளிக்கப் போகும்போது மாற்றுத்துணி, இதற்கெல்லாம் அருமை. கெட்டியான பருத்தித் துணியாகத் தேர்ந்தெடுங்கள்.