வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் முன்: ஒரு எலக்ட்ரீஷியனின் கணக்கு

எனக்குக் காவேரிப்பட்டணம். 2011இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஷார்ஜாவுக்கு எலக்ட்ரீஷியனாகப் போய், ஒன்பது வருடம் கழித்து 2020இல் திரும்பினேன். இப்போது ஊரிலேயே மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். ஐடிஐ முடித்த பையன்கள் கடைக்கு வந்து, "அண்ணா, போலாமா, வேணாமா?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளை எடுங்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு ஓசூரும் பெங்களூரும் கைக்கெட்டும் தூரம். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் விடிவதற்குள் வீடு. அதனால் துபாய் சம்பளத்தை ஊரில் சும்மா இருப்பதோடு ஒப்பிடாதீர்கள். ஓசூர் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். வாடகை, சாப்பாடு போக அங்கே மாதம் என்ன மிஞ்சும், இங்கே என்ன மிஞ்சும் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு மடங்காவது வராவிட்டால் போக வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

எனக்கு வந்தது. தங்க இடம் கம்பெனி கொடுத்தது, வருமான வரி கிடையாது. நான் போனபோது ஒரு திர்ஹாம் 12 ரூபாய் சில்லறை. திரும்பும்போது 20 ரூபாயைத் தொட்டிருந்தது. தங்கை கல்யாணம், போர்வெல், இந்தக் கடை எல்லாம் அந்தப் பணம். தொழிலும் அங்கேதான் முழுசாகப் படிந்தது. பெரிய கட்டடத்தின் பேனல் போர்டை டிராயிங் பார்த்து இணைப்பதும், மெயினுக்குப் பூட்டுப் போட்டு, சீட்டு தொங்கவிட்ட பிறகே லைனில் கை வைப்பதும் அங்கே கற்றதுதான். இன்றைக்கும் கடையில் அப்படித்தான்.

அடுத்து ஏஜென்ட். நான் 90,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். அரசிடம் பதிவு செய்த ஏஜென்ட் இப்போது சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அவருடைய பதிவை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்த்த பிறகே பணத்தைப் பற்றிப் பேசுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். "விசிட் விசாவுல போ, அங்க போய் மாத்திக்கலாம்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இசிஆர், அதாவது வேலைக்குப் போக அரசின் அனுமதி தேவை என்று இருக்கும். அவர்கள் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய்தான். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

அக்ரிமென்டில் மொத்தச் சம்பளத்தை விட்டுவிட்டு 'பேசிக்' (அடிப்படைச் சம்பளம்) என்று எழுதிய இடத்தைத் தேடுங்கள். எனக்குச் சொன்ன சம்பளம் 1,500 திர்ஹாம். தாளில் பேசிக் 800, மீதி அலவன்ஸ். அது ஏதோ கணக்குக்காக என்று விட்டுவிட்டேன். வேலையை விட்டு வரும்போது தரும் கிராஜுவிட்டி பேசிக்கை வைத்துத்தான்: முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் சம்பளம், அதன் பிறகு வருடம் 30 நாள். ஒன்பது வருடத்துக்கு 225 நாள். 800க்குக் கணக்குப் போட்டால் 6,000 திர்ஹாம். 1,500க்குப் போட்டிருந்தால் 11,250. படிக்காமல் போட்ட ஒரு கையெழுத்தில் 5,250 திர்ஹாம் போயிற்று. 2016 முதல் அமீரகத்தில் ஆஃபர் லெட்டரைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம். கேளுங்கள்.

வெயிலுக்கு அங்கே சட்டம் இருக்கிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30இலிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது. கேம்ப் சாப்பாடும் நாளடைவில் பழகிவிடும். கேழ்வரகு மாவு இரண்டு கிலோ கொண்டு போனால் லீவு நாளில் களி கிண்டலாம்.

பழகாதது வீட்டைப் பிரிந்திருப்பதுதான். 2016 கோடையில் ஒரு ராத்திரி. ஊரில் பத்து மணிக்குத்தான் த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்திருக்கிறது, அங்கே எட்டரை. அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் போகாது. வாய்ஸ் மெசேஜ் போகும். மனைவி கிணற்று மோட்டார் பக்கத்தில் போனை வைத்துப் பதிவு செய்து அனுப்பினாள். ஓடும் சத்தம் இல்லை, 'ம்ம்ம்' என்று உறுமல். கேட்டதுமே தெரிந்துவிட்டது, மூன்று ஃபேஸில் ஒன்று வரவில்லை; இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் காயில் கருகிவிடும். "உடனே மெயின ஆஃப் பண்ணு" என்று அனுப்பிவிட்டு, அவள் கேட்டாளா என்று தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு நிமிடம். அப்புறம் ஃப்யூஸ் கேரியர் மூன்றையும் கழற்றித் தரையில் வைத்துப் படம் அனுப்பினாள். நடுவில் இருந்ததில் கம்பி எரிந்திருந்தது. "ஏங்க, டார்ச்ச யாரு புடிப்பா, பாப்பா தூங்கறா" என்று அடுத்த மெசேஜ். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டே அவள் கம்பி மாற்றினாள். ஊர் மோட்டாரையெல்லாம் சரிசெய்பவன் நான். மாங்கன்றுகளுக்குத் தண்ணீர் பாய்ந்த சத்தம் அடுத்த வாய்ஸ் மெசேஜில் வந்தது. அன்றைக்கு நான் தூங்கவில்லை.

அதனால் டிக்கெட் போடும் முன்பே வீட்டை ஒப்படையுங்கள். உங்கள் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக (வெளிநாட்டில் இருப்பவரின் ஊர் வரவுக்கான கணக்கு) எப்போது மாற்றுவது, அங்கிருந்து பணம் அனுப்ப என்ஆர்இ கணக்கு எப்படித் தொடங்குவது என்று வங்கியில் கேட்டு, எது எதற்கு என்று மனைவிக்கோ அம்மாவுக்கோ விளக்குங்கள். பாஸ்போர்ட், அக்ரிமென்ட், காப்பீடு நகல்களை ரேஷன் கார்டு இருக்கும் கவரிலேயே வையுங்கள். மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுக்கும் வியாபாரியிடம் அவர்களையே உட்கார்ந்து விலை பேசவிடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து காட்டி, மெயினை ஆஃப் செய்துவிட்டு, அவர்கள் கையாலேயே ஒருமுறை ஃப்யூஸ் மாற்றச் சொல்லுங்கள். பகலிலேயே.