காயாவுக்கு விருந்து வைக்காதீர்கள்

ஐப்பசி மழைக்கு முன் காயா நாற்று கேட்டு வருபவர்கள் கடலூரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறார்கள். திருவந்திபுரத்துப் பெருமாளின் நீல நிறத்தில் கிளையை ஒட்டிக் கொத்துக்கொத்தாகப் பூக்கும் செடிமேல் ஆசை வருவது இயல்பு. ஆனால் அடுத்த கோடையில் அவர்களே திரும்பி வந்து, "பட்டுப்போய்விட்டது" என்கிறார்கள். விசாரித்தால், எல்லாம் ஒரு காலத்தில் நானும் அடித்த கூத்துகள். தண்ணீர் விட மறந்ததையும் ஆடு கடித்ததையும் விட்டுவிடுகிறேன். அவை எவருக்கும் தெரியும்.

குழி நிறைய எருவைக் கொட்டுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். காசும் இதில்தான் அதிகம் கரைகிறது.

கேப்பர் மலைப் பக்கம் இடம் வாங்கிய நண்பர் ஒருவர், ஜேசிபி வைத்து இடுப்பளவு குழிகள் எடுத்தார். டிராக்டரில் தொழுவுரமும் ஏரி வண்டலும் இறக்கி நிரப்பினார். வேண்டாம் என்றேன். "செடிக்குச் சோறு போடாமல் எப்படி?" என்றார். கார்த்திகை அடைமழையில் பாதிக் கன்றுகள் மஞ்சளித்து அழுகின. மீதி தளதளவென்று வளர்ந்ததைக் காட்டி என்னைக் கேலி செய்தார். அக்னி நட்சத்திரத்தில் அவையும் காய்ந்தன. பிடுங்கிப் பார்த்தால், வேர் குழிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி, குழியின் வடிவத்தில் வெளியே வந்தது.

நடந்தது இதுதான். கேப்பர் மலை, நெய்வேலி, புதுச்சேரிக்கு மேற்கே உள்ள செம்மண் மேடு, திருவக்கரைக் கல்மரங்கள் கிடக்கும் நிலம் எல்லாமே புவியியலாளர்கள் 'கடலூர் மணற்கல்' என்று குறிக்கும் பாறைத்தொகுதி. மேலே செம்மண், கீழே இறுகிய சரளை. அதில் ஆழக் குழி தோண்டிப் பஞ்சு போன்ற மண்ணை நிரப்பினால், அந்தக் குழி ஒரு தொட்டி. நம் பக்கம் ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். சுற்றிலும் இறுகிய நிலம். தண்ணீர் இறங்க வழியின்றித் தேங்குகிறது. தப்பிய வேருக்கோ மெத்தை கிடைத்துவிட்டது. கடினமான மண்ணைத் துளைத்து வெளியே போக அதற்கு அவசியமே இல்லை. கோடையில் மெத்தை காய்ந்ததும் கதை முடிந்தது.

நாற்றுப் பையின் ஆழமே குழியின் ஆழம். அகலம் இரண்டு மடங்கு இருக்கட்டும். ஓரங்களைக் கடப்பாரையால் குத்தி விரிசல் விடுங்கள். எடுத்த செம்மண்ணையே திரும்பப் போடுங்கள். மேலே முந்திரிச் சருகால் மூடாக்கு, தண்டைத் தொடாமல். எரு போட்டே தீரவேண்டும் என்று கை துறுதுறுத்தால், பக்கத்து வாழைக்குப் போடுங்கள்.

சுண்ணாம்பும் காரையும்

பழைய வீட்டை இடித்து, சுண்ணாம்புக் காரை கிடக்கும் இடத்தில் நடுகிறார்கள். கரையானுக்கு என்று சுண்ணாம்பும் தூவுகிறார்கள். காயா தன் இலைகளில் அலுமினியத்தைச் சேர்த்துவைக்கும் செடி. அமிலத்தன்மையுள்ள மண்ணில்தான் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும். சோழமண்டலக் கரையின் பழைய சாயக்காரர்கள் துணியில் நிறம் பிடிக்க இந்த இலையைப் பயன்படுத்தியதற்கும் இலையிலுள்ள அந்த அலுமினியமே காரணம். சுண்ணாம்பு அந்த அமிலத்தை முறித்துவிடும். காரைக் குவியலில் நட ஆசையென்றால் அரளி நடுங்கள்.

விதையை வெயிலில் உலர்த்துவது

கத்தரி விதையல்ல இது. கருத்த பழத்தைப் பிசைந்து, சதையைக் கழுவி, ஈரத்தோடு விதையுங்கள்.

கோயில் காட்டில் பிடுங்குவது

கூடாது.

புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு போன்ற மிச்சங்களில்தான் நம் கரையோரத்து உலர் பசுமைமாறாக் காடு உயிரோடு இருக்கிறது. காயா இலங்கையிலும் வளர்கிறது, இந்தியாவின் வேறு பகுதிகளிலும் வளர்கிறது. ஆனால் இந்தக் காட்டுக்கு மாற்று கிடையாது. போதாததற்கு, பிடுங்கிய கன்றின் ஆணிவேர் பாதியில் அறுந்துதான் வரும்.

வேலிச்செடி மாதிரிக் கத்தரிப்பது

புதுச்சேரியில் இது அதிகம். தோட்டக்காரர் வந்தால் கண்ணில் பட்டதையெல்லாம் உருண்டையாக்கிவிட்டுத்தான் போவார். காயா இலையுதிர்ந்த பழைய கிளைக் கணுக்களிலும் பூக்கும். தை, மாசியில் வெட்டினால் அந்த ஆண்டுப் பூவை வெட்டுகிறீர்கள். காய்ந்த குச்சியை மட்டும், பழம் உதிர்ந்த பிறகு எடுங்கள். கன்றுப் பருவத்தில் கத்தரிக்கோலே வேண்டாம். காயா அவ்வளவு மெதுவாக வளரும்; நீங்கள் வெட்டிய ஒரு சாண் திரும்ப வருவதற்குள் பக்கத்தில் நட்ட வேம்பு கூரையைத் தொட்டுவிடும்.