கை நூற்பு: தறிக்குப் போகும் முன்னே தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிக்கூடத்தில் தக்களி (கையால் சுழற்றி நூற்கும் சின்னக் குச்சி) சுற்றிய தலைமுறை இப்போது ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறது. அதில் சிலர் மறுபடி நூற்க வருகிறார்கள். கூடவே, பெட்டி ராட்டையைத் தபாலில் வரவழைத்துவிட்டு அதை எப்படித் திறப்பது என்று கேட்டு வரும் இளைஞர்களும் உண்டு. நாகர்கோவில் வடசேரியில் எங்கள் வீட்டு முன்கட்டில் வாரம் ஒரு நாள் உட்கார்ந்து நூற்கிறோம். வருகிறவர்கள் எல்லாரும், வயது வித்தியாசம் இல்லாமல், நான் அந்தக் காலத்தில் செய்த அதே கோளாறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள்.

இழை அறுவது, ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிவது, கால் மரத்துப்போவது இவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவை நூற்க நூற்கப் போய்விடும். எத்தனை நாள் நூற்றாலும் தானாகப் போகாதவை சில இருக்கின்றன. அவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

இலவம்பஞ்சு

நூலாகாது. விட்டுவிடுங்கள்.

மருந்துக்கடைப் பஞ்சு

வெள்ளையாக, சுத்தமாக இருக்கிறதே என்று வாங்கிவிடுகிறார்கள். பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. இழைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு நீள்வதற்கு அதுதான் துணை. காயத்துக்கு வைக்கும் பஞ்சு தண்ணீரை உறிஞ்ச வேண்டும் என்பதற்காக அந்த மெழுகை வேகவைத்து எடுத்துவிடுகிறார்கள். இழையும் பெரும்பாலும் குட்டை. பிறகு அது எப்படி நீளும்?

நம் குமரி மாவட்டத்தில் ரப்பர் உண்டு, வாழை உண்டு, தென்னை உண்டு. பருத்திக்குக் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலைத்தான் பார்க்க வேண்டும். மானாவாரியில் விளையும் கருங்கண்ணிப் பருத்தி கிடைத்தால் வாங்குங்கள். இழை குட்டைதான், ஆனால் 20 நம்பர் வரை (நம்பர் கூடக் கூட நூல் மெலியும்) நூற்பதற்குத் தாராளமாகப் போதும். எடுத்த எடுப்பிலேயே விலை கொடுத்து சுவின் என்ற நீள இழைப் பருத்தியை வாங்க வேண்டாம். 38 மில்லிமீட்டர் நீள இழையைச் சமாளிக்கக் கை தயாராகியிருக்க வேண்டும்.

பட்டையை இறுக்கிப் பிடிப்பது

நூற்பதற்காகச் சுருட்டி வைத்த பஞ்சுப் பட்டை விரல்களுக்கு நடுவே சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான். நசுக்கிய பட்டையிலிருந்து இழை வராது, திரிதான் வரும். நசுங்கிவிட்டால் அதோடு மல்லுக்கட்டாமல் பிரித்து மறுபடி பட்டை போடுங்கள்.

முறுக்கைப் பார்க்காமல் பாவுக்குக் கொடுப்பது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். தறியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு, குறுக்கே ஓடுவது ஊடை.

முதலில் ஒரு கணக்கு. பத்து மீட்டர் துணி நெய்தால் ஆறு துவர்த்து (துண்டு) தேறும் என்று வையுங்கள். அகலம் 30 அங்குலம், அங்குலத்துக்கு 40 இழை என்றால் பாவில் 1200 இழை. தறியில் வீணாவதற்கும் சேர்த்துப் பாவின் நீளம் 11 மீட்டர். ஆக, பாவுக்கு மட்டும் 13,200 மீட்டர் நூல் வேண்டும். ஊடைக்கு ஏறத்தாழ 11,000 மீட்டர். 1000 மீட்டர் நூலை வளையமாகச் சுற்றிய சிட்டம் என்றால் மொத்தம் 24 சிட்டம். புதிதாக நூற்கிறவருக்கு ஒரு மணி நேரத்தில் 100 மீட்டர் வந்தாலே பெரிய விஷயம். அப்படிப் பார்த்தால் 240 மணி நேர உழைப்பு.

தக்கலைப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வருவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ராட்டை வாங்கியவர். அண்ணன் தம்பிகளுக்குத் தன் கையால் நூற்ற நூலில் ஆளுக்கொரு துவர்த்து கொடுக்க வேண்டும் என்று ஆசை. நூல் மெலிதாக, பார்க்க லட்சணமாக இருந்தது. 24 சிட்டமும் சேர்ந்ததும், என்னிடம் காட்டாமலேயே, நேரே ஒரு நெசவாளியிடம் கொண்டு போய்க் கொடுத்துவிட்டார். அவரும் மரியாதைக்காக வாங்கிப் பாவு ஓட்டி, கஞ்சி போட்டு, விழுதிலும், ஊடையை அடித்துச் சேர்க்கும் சீப்பான அச்சிலும் இழை கோத்து, தறியில் ஏற்றினார். நாலு விரற்கடை நெய்வதற்குள் இழைகள் அங்கங்கே விட்டுப்போயின. ஒன்றை முடிச்சுப் போட்டால் இன்னொன்று, அதையும் முடிச்சுப் போட்டால் அடுத்தது. அக்காவைக் கூப்பிட்டுவிட்டார்.

"நெய்யதுக்கு இல்ல மக்ளே, முடிச்சுப் போடதுக்குத்தான் நான் கூலி வாங்கணும்" என்றார்.

"கையால நூத்தது அப்படித்தானே அண்ணாச்சி இருக்கும்?" என்று அக்கா கேட்டிருக்கிறார்.

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இந்தக் கேள்விதான். மில் வருவதற்கு முன் இந்த ஊரில் உடுத்தது அத்தனையும் கை நூல்தான். பாவும் அதுதான், ஊடையும் அதுதான். கை நூல் என்றால் பலமில்லாமல்தான் இருக்கும் என்பது சோம்பேறித்தனத்துக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் சலுகை. இதைச் சொல்லிக்கொடுக்கிறவர்களும் சேர்ந்து வளர்க்கிறார்கள். இரண்டு நாள் பயிற்சி வைத்து, நூல் வந்துவிட்டது என்று கை தட்டி, படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வந்த நூல் எதற்கு ஆகும் என்று அங்கே யாரும் வாய் திறப்பதில்லை.

சரி, அக்காவின் நூலில் என்னதான் கோளாறு? முறுக்குப் போதவில்லை. நூல் மெலிந்த இடத்தில்தான் அறும் என்று எல்லாரும் நினைக்கிறோம். ஆனால் முறுக்கு எப்போதும் மெலிந்த இடத்தைத் தேடி ஓடும். அங்கே போய் ஏறிக்கொண்டு அந்த இடத்தை இறுக்கிவிடும். பக்கத்தில் தடித்த இடம் முறுக்கு ஏறாமல் பொதபொதவென்று கிடக்கும். தறியில் அச்சு முன்னும் பின்னும் உரசும்போது அந்தத் தடித்த இடம் பிசிறு கிளம்பி, இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று நழுவிப் பிரிந்துபோகும். பாவு அறுந்த இடங்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட வெட்டினாற்போன்ற முனை இல்லை. எல்லாமே பஞ்சு வால்.

எவ்வளவு முறுக்கு வேண்டும்? 20 நம்பர் நூலைப் பாவுக்கு வைப்பதானால் அங்குலத்துக்கு 20 முறுக்கு. ஊடைக்கு 16 போதும். கருங்கண்ணி மாதிரிக் குட்டை இழை என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். அங்குலத்தை எண்ணிக்கொண்டா நூற்க முடியும்? வேண்டாம். உங்கள் ராட்டையின் கணக்கை ஒரு முறை எடுத்துவிட்டால் போதும். கதிரில் (நூல் ஏறும் ஊசிக் கம்பி) ஒரு நூலைக் கட்டிக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு, கையால் சுற்றும் பெரிய சக்கரத்தை ஒரே ஒரு சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். கதிரில் எத்தனை சுற்று ஏறியிருக்கிறது என்று பிரித்து எண்ணுங்கள். உதாரணத்துக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். ஒரு இழுப்புக்கு 24 அங்குலம் நூல் எடுக்கிறீர்கள் என்றால் அதற்கு 480 முறுக்கு தேவை. அதாவது சக்கரம் கிட்டத்தட்ட ஐந்து சுற்று. அக்கா மூன்று சுற்றோடு நூலைக் கதிரில் ஏற்றிக்கொண்டிருந்தார். இழுத்து முடித்ததும் கையை நீட்டிய நிலையிலேயே நிறுத்தி, மிச்ச இரண்டு சுற்றையும் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் ஏற்ற வேண்டும். அந்த இரண்டு சுற்றுக்குப் பொறுமை இல்லாமல்தான் 240 மணி நேர உழைப்பில் பாதிக்கு மேல் போயிற்று.

தறிக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு சிட்டத்திலிருந்தும் ஒரு முழம் எடுங்கள். தலை சீவும் சீப்பின் நெருக்கமான பற்களுக்கு நடுவே விட்டு, இழுத்துப் பிடித்தபடி இருபது தடவை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். பிசிறு கிளம்பினால் அந்தச் சிட்டம் ஊடைக்கு. மழுப்பல் வேண்டாம்.

நம்பரையும் பாருங்கள். நூறு மீட்டர் நூலை நகைக்கடைத் தராசு மாதிரிச் சின்னத் தராசில் நிறுத்து, 59-ஐ அந்தக் கிராமால் வகுத்தால் நம்பர் வந்துவிடும். 3 கிராம் என்றால் சுமார் 20 நம்பர். 2 கிராம் என்றால் சுமார் 30. சிட்டத்துக்குச் சிட்டம் ஒன்றிரண்டு நம்பர் கூடக்குறைய இருந்தால் பாதகமில்லை. ஒன்று 14, ஒன்று 28 என்றிருந்தால் இரண்டையும் ஒரே பாவில் போடாதீர்கள்.

புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் துணிக்குப் பாவு மில் நூல், ஊடை மட்டும் உங்கள் நூல். ஊடையை அச்சு அவ்வளவு உரசுவதில்லை, இழுவிசையும் குறைவு. சுத்தக் கதர் பேசுகிறவர்களுக்கு இது பிடிக்காது. அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 1956-ஆம் ஆண்டின் சட்டப்படி இந்தியாவில் கையால் நூற்ற நூலைக் கைத்தறியில் நெய்தால்தான் கதர். மில் பாவு போட்ட துணியைக் கதர் என்று சொல்லி விற்கக் கூடாது. தம்பிக்குத் துவர்த்து கொடுக்க எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது.

அக்காவின் துணியை வெட்டி இறக்கினார்கள். பாவு நூல் போனது போனதுதான். மிச்சமிருந்த சிட்டங்களில் தேறியவை மில் பாவில் ஊடையாகி இரண்டு துவர்த்து வந்தன. தம்பிகள் மூன்று பேர், அண்ணன் ஒருவர். யாருக்குக் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை.

தக்களியை இரண்டு பக்கமும் சுற்றுவது

கை வலிக்கிறது என்று ஒரு நாள் வலப்பக்கம், ஒரு நாள் இடப்பக்கம் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு முறுக்கும் ஒரே துணியில் சேர்ந்தால் வெளிச்சம் வேறுவேறாகப் பட்டுப் பட்டை பட்டையாகத் தெரியும். சாயம் போட்டால் இன்னும் துலக்கமாகத் தெரியும். ஒரே பக்கம் சுற்றுங்கள்.

வாசலில் உட்கார்ந்து நூற்பது

ஆரல்வாய்மொழியில் ஒரு தம்பி. முப்பந்தல் காற்றாடிகளைச் சுற்றும் அதே காற்று அவர் வீட்டுத் திண்ணையிலும் அடிக்கும். ஆனி, ஆடியில் அங்கே உட்கார்ந்து நூற்றுவிட்டு, பஞ்சு மட்டம் என்று புகார் சொல்வார். பருத்தி இழை ஈரப்பதம் இருந்தால் பலம் கூடும், காய்ந்தால் குறையும். நூற்பாலைகளில் காற்றில் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்வது இதற்காகத்தான். உள் அறைக்குள் போய், ஒரு நனைத்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு நூற்கச் சொன்னேன். அதே பஞ்சு, அதே கை, இழை நின்றது.

குலசேகரம், திருவட்டாறு பக்கத்துக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்கு நேர்மாறான தொல்லை. மழை நாளில் திறந்து வைத்த பட்டை ஈரம் குடித்து ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள், மற்றது மூடியுள்ள டப்பாவில் இருக்கட்டும்.

ராட்டைக் கயிறு வழுக்குவது

கயிற்றை இறுக்கி இறுக்கிக் கதிரை வளைத்துவிடுகிறார்கள். கயிற்றில் தேன்மெழுகு தடவுங்கள். மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்கிற யாரிடம் கேட்டாலும் ஓர் உருண்டை தருவார்கள். வளைந்த கதிரை நிமிர்த்த நேரம் செலவழிக்காமல் புதிது வாங்குங்கள்.

சிட்டத்தைக் கட்டாமல் வேகவைப்பது

கதிரிலிருந்து சிட்டமாகச் சுற்றியதும் நாலு இடத்தில், எட்டு வடிவத்தில், தளர்வாகக் கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டினால் அந்த இடத்தில் சாயம் ஏறாது. கட்டாமல் விட்டால் பானைக்குள் சிக்கு விழும், அதைப் பிரிக்க எந்தச் சாமியும் வராது. கட்டிய சிட்டத்தைத் தண்ணீரில் கொஞ்சம் சோப்பும் சலவைச் சோடாவும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும், பயப்பட வேண்டாம். வெளியே வருவது மெழுகும் அழுக்கும். முறுக்கும் அதில் அடங்கிவிடும். இதைச் செய்யாமல் சாயத்தில் போட்டால் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும்.

காயப் போடுவது வெயில் பார்த்து. ஐப்பசி மழையில் வீட்டுக்குள் கொடியில் தொங்கவிட்டு, மூன்றாம் நாள் கரும்புள்ளி விழுந்த சிட்டத்தோடு வந்து நிற்பவர்கள் வருஷா வருஷம் உண்டு. அந்தப் புள்ளி போகாது. மழை விடும்வரை நூற்பதை மட்டும் செய்யுங்கள், வேகவைப்பதைத் தைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கஞ்சி போட்ட நூலை அலமாரியில் வைப்பது

எலி வரும். கஞ்சி போட்டால் உடனே தறிக்கு அனுப்பிவிடுங்கள்.