ராத்திரி 11 மணி மிக்சர்

ராத்திரி 11 மணி ஆனால் போதும், கால் தானாக அடுக்களைக்குப் போய்விடும். மிக்சர் டப்பாவைச் சத்தமில்லாமல் திறப்பதில் நான் கைதேர்ந்தவன். கடலையை மட்டும் பொறுக்க ஆரம்பிப்பேன். கடைசியில் அடியில் தூள்தான் மிஞ்சும். டப்பாவைப் பரண்மேல் வைத்துப் பார்த்தேன். ஸ்டூல் போட்டு ஏறினேன், அவ்வளவுதான்.

அப்புறம்தான் உறைத்தது. மதியம் வேலை மும்முரத்தில் இரண்டு பிஸ்கட்டோடு ஓட்டிவிடுகிறேன். அந்தப் பசிதான் ராத்திரி வட்டியோடு வருகிறது. இப்போது மதியம் ஒழுங்காகச் சோறு, கூடவே சுண்டலோ முட்டையோ. இரவு 8 மணிக்கு இரண்டு இட்லிக்குப் பதில் நான்கு. சாப்பிட்டதும் பல் துலக்கிவிடுகிறேன். பேஸ்ட் வாய்க்கு மிக்சர் சகிக்காது! அப்படியும் ஆசை வந்தால் ஒரு டம்ளர் சீரகத் தண்ணீர். பாதி நாள் அதற்குள் தூக்கம் வந்துவிடும். சனிக்கிழமை மட்டும் சின்னக் கிண்ணத்தில் மிக்சர், கடலை கொஞ்சம் தூக்கலாக.