இன்டிசைன் ஃபைலை வேற கம்ப்யூட்டர்ல திறந்தா படம் எல்லாம் மிஸ்ஸிங்னு காட்டுதா? சரி பண்ற வழி

கும்பகோணம், தஞ்சாவூர், மாயவரம், மன்னார்குடினு நம்ம பக்கம் டிடிபி (கம்ப்யூட்டர்ல பக்கம் வடிவமைக்கற) வேலை பாக்குற யாரைக் கேட்டாலும் இது தெரியும். கும்பாபிஷேக மலரோ ஸ்கூல் ஆண்டு மலரோ ராத்திரி பகலா உக்காந்து இன்டிசைன்ங்கற பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர்ல லேஅவுட் முடிச்சு பென்டிரைவ்ல ஏத்தி பிரஸ்ஸுக்குக் குடுத்து அனுப்பினா, கொஞ்ச நேரத்துல போன் வரும், "அண்ணே, எல்லா படத்து மேலயும் செவப்புல கேள்விக்குறி நிக்குதுண்ணே, ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு போல." ஃபைலுக்கு ஒண்ணும் ஆகல, பதறாதீங்க. லிங்க் கட் ஆயிருக்கு.

முதல்ல ஒரு விஷயத்தை நல்லா மனசுல ஏத்திக்கங்க. இன்டிசைன்ல கன்ட்ரோல் டி போட்டு படம் வச்சா அந்தப் படம் ஃபைலுக்குள்ள வந்து உக்காராது. அது எந்த டிரைவ்ல எந்த ஃபோல்டர்ல என்ன பேர்ல இருக்குங்கற விலாசமும், ஸ்க்ரீன்ல காட்டறதுக்கு ஒரு மங்கலான ப்ரிவியூவும் மட்டும்தான் உள்ள இருக்கும். உங்க கம்ப்யூட்டர்ல டி டிரைவ்ல இருந்த படத்தை, பிரஸ்ல இருக்கற கம்ப்யூட்டரும் அதே டி டிரைவ்லதான் போய்த் தேடும். வீடு மாறிப் போனவங்களுக்கு பழைய வீட்டு வாசல்ல பத்திரிகை வைக்கப் போன கதைதான். இதுல பெரிய ஆபத்து என்னன்னா, லிங்க் இல்லேன்னாலும் ஸ்க்ரீன்ல மூலவர் படம் தெரியும், அதை நம்பி, வர்ற எச்சரிக்கையையும் படிக்காம ஓகே குடுத்து பிடிஎஃப் எடுத்துட்டா அந்த ப்ரிவியூதான் போகும், அச்சாகி வரும்போது சாமி முகம் கட்டம் கட்டமா இருக்கும். ஆயிரம் காப்பி ஓடினதுக்கப்புறம் யாரைக் கேக்கறது? அதனால படம் தெரியுதான்னு பாக்காதீங்க, லிங்க்ஸ் பேனலைப் பாருங்க.

கன்ட்ரோல் ஷிஃப்ட் டி அழுத்தினா, வச்ச படத்தை எல்லாம் பட்டியல் போட்டுக் காட்டற லிங்க்ஸ் பேனல் வரும். செவப்பு வட்டத்துல கேள்விக்குறி இருந்தா படம் அந்த இடத்துல இல்லைனு அர்த்தம். மஞ்சள் முக்கோணத்துல ஆச்சரியக்குறி இருந்தா படம் இருக்கு, ஆனா நீங்க வச்சதுக்கப்புறம் யாரோ போட்டோஷாப்ல திறந்து மாத்தியிருக்காங்க, அதை அப்டேட் குடுத்தா போதும். செவப்பு இருக்கற ஒரு படத்தை கிளிக் பண்ணி கீழ லிங்க் இன்ஃபோவை விரிச்சுப் பாத்தா பழைய பாத், அதாவது படத்தோட பழைய விலாசம், முழுசா இருக்கும். இதைப் படிக்காம ரீலிங்க் பண்ண (படம் இப்ப இருக்கற இடத்தைக் காட்டி லிங்கை மறுபடி சேர்க்க) ஆரம்பிக்காதீங்க, வியாதி என்னன்னு அங்கதான் தெரியும். டெஸ்க்டாப்னு இருந்தா, போட்டோவை டெஸ்க்டாப்ல போட்டு வச்சு வேலை பாத்திருக்காங்க, அது உங்களுக்கு வரவே இல்லை, திரும்பக் கேட்டு வாங்கணும். டெம்ப்னு ஒரு ஃபோல்டர் பேர் நடுவுல வந்தா, வின்ரார்ங்கற சாஃப்ட்வேர்ல ஜிப்பை (ஒரே ஃபைலா சுருக்கிக் கட்டினதை) பிரிக்காமலே உள்ள இருந்த படத்தை நேரா இழுத்து வச்சிருக்காங்கனு அர்த்தம், வின்ராரை மூடினதும் அந்தப் படமும் போயிருக்கும். இதே காரணத்துக்காக நீங்களும் வந்த ஜிப்பை முழுசா எக்ஸ்ட்ராக்ட் பண்ணாம இன்டிசைன் ஃபைலை மட்டும் டபுள் கிளிக் பண்ணித் திறக்காதீங்க.

வெறும் டிரைவ் எழுத்து மட்டும் மாறியிருந்தா ரொம்ப சுலபம். அங்க எஃப் டிரைவா இருந்த பென்டிரைவ் இங்க எச் ஆகியிருக்கும். இன்டிசைனை மூடிட்டு, விண்டோஸ்ல டிஸ்க் மேனேஜ்மென்ட் போய் பென்டிரைவ் மேல ரைட் கிளிக் பண்ணி சேஞ்ச் டிரைவ் லெட்டர் குடுத்து எஃப்னு மாத்திட்டுத் திறந்தீங்கன்னா அத்தனை படமும் தானா வந்து உக்காந்துக்கும். அந்த எழுத்தை வேற டிரைவ் ஏற்கனவே வச்சிருந்தா இது நடக்காது.

மத்தபடி ரீலிங்க்தான். படம் எல்லாம் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு கண்டுபிடிச்சுக்கங்க, பேனல்ல ஒரே ஒரு செவப்பு லிங்கை செலக்ட் பண்ணி கீழ இருக்கற சங்கிலி பட்டனை அழுத்துங்க, வர்ற விண்டோவுல சர்ச் ஃபார் மிஸ்ஸிங் லிங்க்ஸ் இன் திஸ் ஃபோல்டர்னு ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டுட்டு சரியான படத்தைக் காட்டினீங்கன்னா அந்த ஃபோல்டர்ல அதே பேர்ல இருக்கற மத்த படத்தையும் அதுவே இழுத்துக்கும். 64 பக்க மலர்ல ஒவ்வொரு படமா ரீலிங்க் பண்ணிட்டு கண்ணு வலிக்க உக்காந்திருக்கற பசங்களைப் பாத்தா மனசு கேக்க மாட்டேங்குது, இந்த ஒரு டிக்கை யாராவது அவங்களுக்குக் காட்டிக் குடுங்க. ஜேபெக்கா வச்சு லேஅவுட் பண்ணி அப்புறம் எல்லாத்தையும் டிஃப்ங்கற ஃபார்மட்டுக்கு மாத்தியிருந்தீங்கன்னா, வேண்டிய லிங்கை எல்லாம் செலக்ட் பண்ணிட்டு பேனல் மெனுவுல ரீலிங்க் டு ஃபோல்டர் போங்க, எக்ஸ்டென்ஷன் (ஃபைல் பேர் கடைசியில புள்ளிக்கு அப்புறம் வர்ற எழுத்து) மட்டும் வேறயா இருந்தாலும் பேரை வச்சு எடுத்துக்கும்.

இங்க ஒரு கண்ணி இருக்கு. இன்டிசைன் பேரைத்தான் பாக்கும், படத்தைப் பாக்காது. உபயதாரர் ஃபோல்டர்லயும் 1, 2, 3னு படம், உற்சவர் ஃபோல்டர்லயும் 1, 2, 3னு படம் இருந்தா நடராஜர் இருக்க வேண்டிய எடத்துல அரிசி மில் ஓனர் வந்து நிப்பாரு. ரீலிங்க் முடிஞ்சதும் பழைய ப்ரூஃப் பிடிஎஃபை பக்கத்துல வச்சு பக்கம் பக்கமா ஒத்துப் பாருங்க, இதுக்குக் குறுக்கு வழி கிடையாது. இனிமே படம் வாங்கும்போதே பேரை மாத்தி வைங்க, ஊர் பேர், சாமி பேர், நம்பர்னு சின்னதா, ஆங்கில எழுத்துல, நடுவுல எடம் விடாம. தமிழ்ல பேர் வச்சா நம்ம கம்ப்யூட்டர்ல அழகாத்தான் இருக்கும், ஆனா சில ஜிப் சாஃப்ட்வேர்ல போய் வரும்போது பேர் குழம்பிடும், குழம்பினா லிங்கும் போச்சு.

இதெல்லாம் வந்த பின்னாடி செய்யற வைத்தியம். வராம இருக்கணும்னா பேக்கேஜ் பண்ணாம எந்த ஃபைலையும் கடையை விட்டு வெளிய அனுப்பாதீங்க. ஃபைல் மெனுவுல பேக்கேஜ், இல்லேன்னா கன்ட்ரோல் ஆல்ட் ஷிஃப்ட் பி. புதுசா ஒரு ஃபோல்டர் உருவாகி அதுக்குள்ள உங்க ஃபைலோட காப்பி, லிங்க்ஸ்னு ஒரு ஃபோல்டர், டாக்குமென்ட் ஃபான்ட்ஸ்னு ஒரு ஃபோல்டர் எல்லாம் வந்துடும். நம்ம தமிழுக்கு அந்த ஃபான்ட்ஸ் ஃபோல்டர் படத்தை விட முக்கியம், பழைய பாமினி, டாம், டாப் எழுத்துல அடிச்ச மேட்டர் அந்த ஃபான்ட் இல்லாத மெஷின்ல திறந்தா வெறும் ஆங்கிலக் கிறுக்கலாத்தான் தெரியும். பேக்கேஜ் விண்டோவுல அப்டேட் கிராஃபிக் லிங்க்ஸ் இன் பேக்கேஜ்னு இருக்கற டிக்கை எடுத்துடாதீங்க, எடுத்துட்டா படம் காப்பி ஆகும் ஆனா ஃபைல் பழைய விலாசத்தையே வச்சிருக்கும். ஐடிஎம்எல்ங்கற மாற்று வடிவ ஃபைலை மட்டும் தனியா மெயில் பண்றவங்களும் இருக்காங்க, பழைய வெர்ஷன்ல திறக்க அது உதவும், லிங்க் வச்ச படம் எதுவும் அதுக்குள்ள போகாது.

பேக்கேஜ் பண்ணி முடிச்சதும் உங்க முன்னாடி திறந்திருக்கறது இன்னும் பழைய ஃபைல்தான், இதைக் கவனிக்கணும். திருவிழாக் கமிட்டிக்காரர் கடைசி நேரத்துல வந்து "தம்பி, அந்தப் பேரை மட்டும் மாத்திடுங்க"ன்னு நிப்பாரு, நீங்க அதுல மாத்துவீங்க, பிரஸ்ஸுக்குப் போறது மாறாத காப்பி. பழசை மூடிட்டு பேக்கேஜ் ஃபோல்டர்ல இருக்கறதைத் திறந்து திருத்துங்க.

அனுப்பும்போது ஃபோல்டரை அப்படியே ஜிப் பண்ணுங்க. வாட்ஸாப்ல அனுப்பறதா இருந்தா ஜிப்பை டாக்குமென்ட்டா போடுங்க, படத்தைத் தனித்தனியா போட்டோவா அனுப்பினா சுருக்கிடும், பேரையும் மாத்திடும், அப்புறம் ரீலிங்க்கே பண்ண முடியாது.

பேஜ்மேக்கர்ங்கற பழைய லேஅவுட் சாஃப்ட்வேர்ல இன்னும் வேலை ஓட்டறவங்களுக்கு: அதுலயும் கன்ட்ரோல் ஷிஃப்ட் டி தான் லிங்க்ஸ் மேனேஜர், சேவ் ஆஸ் போய் கீழ காப்பி பகுதியில ஆல் லிங்க்டு ஃபைல்ஸ் குடுத்தா படமும் கூடவே வந்துடும். ஸ்கிரைபஸ்ங்கற இன்னொரு லேஅவுட் சாஃப்ட்வேர்ல இதே வேலைக்கு கலெக்ட் ஃபார் அவுட்புட் குடுங்க.

2016 மகாமகத்துக்கு மலரும் கைடு புக்கும் பண்ணினவங்க 2028 மகாமகத்துக்கு அதே ஃபைலைத் தேடுவீங்க, அதுல இருக்கற விலாசம் எல்லாம் காயலான் கடைக்குப் போன கம்ப்யூட்டரோடது. இப்பவே ஒரு தடவை திறந்து பாருங்க. ஒரிஜினல் போட்டோ கிடைக்கலேன்னா அப்ப பிரஸ்ஸுக்குக் குடுத்த பிடிஎஃபைத் தேடுங்க, போட்டோஷாப்ல அதைத் திறக்கும்போது பேஜஸ் பக்கத்துல இமேஜஸ்னு ஒண்ணு இருக்கும், அதுல போனா உள்ள இருக்கற படத்தைத் தனியா எடுக்கலாம். எடுத்து ரீலிங்க் பண்ணி உடனே பேக்கேஜ் போட்டுடுங்க. பேக்கேஜ் சரியா வந்திருக்கானு பாக்க, ஒரிஜினல் படம் இருக்கற ஃபோல்டர் பேரை கொஞ்ச நேரம் மாத்தி வச்சுட்டு பேக்கேஜ் காப்பியைத் திறங்க, ஒரு செவப்புக் குறி கூட வரலேன்னா தைரியமா ஜிப் பண்ணி அனுப்பலாம்.