முதல் குலுக்கலோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள்

2012 ஏப்ரல் 11 பிற்பகல் சென்னையில் நாற்காலி ஆடியது பலருக்கு ஞாபகம் இருக்கும். சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவில் நிலநடுக்கம். அலுவலகங்களே தெருவுக்கு வந்துவிட்டன. சுமார் இரண்டு மணி நேரத்தில் 8.2 அளவில் இன்னொன்று. நமக்குச் சேதமில்லை. ஆனால் நிலநடுக்கம் தொடராக வரும் ஊர்களில், ‘வந்தது போய்விட்டது’ என்ற நினைப்புதான் ஆளைக் கொல்கிறது.

ஜப்பானின் குமமோட்டோவில் 2016 ஏப்ரல் 14 இரவு ஒரு நிலநடுக்கம். வெளியே ஓடியவர்களில் சிலர் வீடு திரும்பிப் படுத்தார்கள். 16ஆம் தேதி அதிகாலை அதைவிடப் பெரியது வந்து அந்த வீடுகளைச் சாய்த்தது. ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் 2023 அக்டோபர் 7 அன்று 6.3 அளவில் அடுத்தடுத்து இரண்டு. மண்சுவர் வீடுகள் நூற்றுக்கணக்கானோர் மேல் விழுந்தன. 11ஆம் தேதி மறுபடி 6.3. அப்போது சாவு மிகக் குறைவு. பெரும்பாலானோர் வெட்டவெளியில், கூடாரத்தில் தங்கியிருந்தது ஒரு முக்கியக் காரணம்.

பெரிய நிலநடுக்கத்தைத் தொடர்ந்து வரும் பின்னதிர்வுகளின் எண்ணிக்கை நாளாக நாளாகக் குறையும், உண்மைதான். ஆனால் அவற்றின் அளவு படிப்படியாக இறங்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

‘சின்னச் சின்னதாக வந்தால் நல்லது, அழுத்தம் வெளியேறிவிடும்’ என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அளவு ஒன்று கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு. ஒரு 6-க்கு ஈடுகட்ட ஆயிரம் 4-கள் வேண்டும். அப்புறம், ‘இன்று இரவு 11.40-க்கு வரும், நாசா சொல்லிவிட்டது’ என்ற ஃபார்வர்டு. நாள், நேரம் குறித்துச் சொல்ல நாசாவாலும் முடியாது, நம்ம தெரு ஜோசியராலும் முடியாது.

ஆடும்போதே மாடிப்படியில் ஓடுவது, லிஃப்டில் ஏறுவது, பால்கனியில் நின்று எட்டிப் பார்ப்பது மூன்றும் வேண்டாம். உறுதியான மேசைக்கு அடியில் புகுந்து, அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். நின்றபிறகு படி வழியாக இறங்கி, கண்ணாடி முகப்புக்கும் மின்கம்பத்துக்கும் விலகி நில்லுங்கள்.

திரும்ப ஏறுவதற்கு முன் கார் நிறுத்தும் தரைத்தளத்தைப் பாருங்கள். நம்ம ஊர் ஃப்ளாட்டுகளில் பெரும்பாலும் அங்கே சுவர் கிடையாது, தூண்கள் மட்டும்தான். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் புஜ் நிலநடுக்கத்தில் 200 கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில் இப்படிப்பட்ட கட்டடங்கள் நொறுங்கின. தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் சாய்வாக விரிசல் ஓடினாலோ, கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தாலோ உள்ளே போகாதீர்கள். பூச்சில் மயிரிழைக் கீறல் என்றால் அவ்வளவு பயம் வேண்டாம். பட்டி பார்த்து பெயின்ட் அடித்து மறைப்பதுதான் மோசமான தவறு. அடுத்த அதிர்வு வரும்போது விரிசல் வளர்ந்ததா என்றே தெரியாது. கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும், மேஸ்திரி போதாது.

‘சென்னைக்கெல்லாம் வராது’ என்ற பேச்சும் பழசு. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அருகே கடலில் 5.5 வந்து இங்கேயும் ஆட்டியது. மறு ஆண்டே நகரம் இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து, ஆபத்து கூடிய மூன்றாவதுக்கு ஏறியது.

அதிர்ந்ததும் மெரினாவுக்கு வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் உண்டு. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை வாக்கில் பூமி அதிர்ந்தது. அலை சென்னைக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஹைதராபாத் சுனாமி எச்சரிக்கை மையம் ஆபத்து நீங்கியதாகச் சொல்லும்வரை கடற்கரைப் பக்கம் போகாதீர்கள்.