நங்கூரக் கயிற்றில் பாகத்துக்கு ஒரு துணித்துண்டு

யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம் படகில் ஒரு நாள் போய் வருவதென்றால், புறப்படும் முன்பே நங்கூரக் கயிற்றில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு துணித்துண்டு கட்டி வையுங்கள். பாகம் என்பது இரு கையையும் விரித்த நீளம், கிட்டத்தட்ட 6 அடி. பழைய சாரத்தைக் கிழித்தாலே போதும். ஐந்தாவது பாகத்துக்கு மட்டும் சிவப்புத் துண்டு.

நங்கூரம் தரையைத் தொட்டதும், படகின் முன்முனையான அணியத்தைத் தாண்டி எத்தனை துண்டு போயிருக்கிறது என்று எண்ணுங்கள். அதைப்போல ஐந்து மடங்கு கயிறு விட்டுக் கட்டுங்கள்: 2 பாகம் என்றால் 10 பாகம். தென்மேற்குக் காற்றான சோளகம் பலத்து வீசும் நாளில் 14 விட்டாலும் நட்டமில்லை. கயிறு நீளமாக இருந்தால் இழுவை தரையோடு படுத்தபடி வரும், நங்கூரத்தின் நாக்கு மண்ணுக்குள் இன்னும் புதையும். குட்டைக் கயிறு மேலே இழுத்துப் பிடுங்கிவிடும்.

இதெல்லாம் மணலுக்கும் சேற்றுக்கும்தான். தண்ணீருக்கடியில் கறுப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அது சாதாளை என்கிற கடற்புல். எவ்வளவு கயிறு விட்டாலும் நங்கூரம் அதை வாரிக்கொண்டு வழுகும். வெளிறித் தெரியும் இடத்துக்கு நகருங்கள். நெடுந்தீவு மதில்களில் பார்க்கிற மாதிரிப் பவளக்கல் அடியில் கிடந்தால் கயிறு உரசித் தேய்ந்துவிடும், அங்கே படகில் ஒருவர் இருக்கத்தான் வேண்டும். அப்புறம், நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் புறப்படும் குறிகட்டுவான் இறங்குதுறைப் பக்கம் நீளக் கயிறு விடவே கூடாது. காற்றுத் திரும்பினால் படகு சுழன்று பக்கத்துப் படகில் போய் இடிக்கும். நயினாதீவுத் திருவிழா நாட்களில் சொல்லவே வேண்டாம்.